ஒழுங்கைக்குள் போகாத கார்

பத்திரிகைக் கந்தோரில் என் விளம்பரத்தை வெட்டிவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது கொப்பித் தாளில் ஒரு முழுப் பக்கம். அச்சில் வந்தது மூன்று வரி. "நன்கு பராமரிக்கப்பட்ட, பாவித்த சொகுசுக் கார் விற்பனைக்கு உண்டு. ஆரையம்பதி. நேரில் பார்க்கலாம்." இதை எழுத நான் எதற்கு? காரென்றால் என்னவென்று தெரியாதவனும் இதை எழுதுவானே.

நான் எழுதியதில் எல்லாம் இருந்தது. உவர்த் தண்ணீர் படாத தகரம். ஒருநாளும் கோழியோ கருவாடோ ஏற்றாத டிக்கி. கீறல் விழாத தோல் சீற். சுருட்டுப் பிடிக்காத சாரதி. இன்ஜின் ஓடும்போது பொனெற்றுக்கு மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் தளும்பாது, வேண்டியவர் வந்து வைத்துப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தேன். அந்தக் கந்தோர்ப் பிள்ளை வாசித்துவிட்டுச் சிரித்தது.

"ஐயா, மாப்பிள்ளை தேடி விளம்பரம் போடுற ஆக்கள்கூட இவ்வளவு எழுதுறல்ல."

"மாப்பிள்ளையள நான் ஊர்ப்பட்டது கண்டிருக்கன் புள்ள. இதப்போல ஒண்டு இல்ல," என்றேன்.

அதையும் அது சிரிப்பாகத்தான் எடுத்தது. நான் சிரிக்கச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. எனக்கு அறுபத்து மூன்று வயது. என் மனுசியைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடம் கழிந்திருந்தது. இந்த உலகத்தில் என் பெயரில் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதை ஏன் விற்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "வயசு போச்சு, இனி ஏலாது" என்று சொன்னேன். அது பொய். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். காரை விற்றால் என் மகள், "இஞ்சயே இரிங்கப்பா" என்று ஒரு சொல் சொல்வாள் என்று நினைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் விற்றேன்.

மகள் இரு என்று சொல்வதற்குத் தகப்பன் எதற்குக் கார் விற்க வேண்டும் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாவிட்டால் இது விளங்காது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளை கலியாணத்தோடு பெண்வீட்டுக்குப் போய்விடுவான். யாழ்ப்பாணத்தில் எனக்கொரு சிநேகிதர் இருந்தார், "வீட்டோட மாப்பிள்ளையோ" என்று என்னைக் கேலி செய்வார். எங்கள் ஊரில் வீட்டோடு அல்லாத மாப்பிள்ளை எங்கே இருக்கிறான்? நானும் குருக்கள்மடத்தில் தாய்வீட்டை விட்டு ஆரையம்பதிக்கு வந்தவன்தான். தாய்வீடு என் தங்கச்சிக்குப் போனது. என் மகளுக்குக் கலியாணம் வந்தபோது மனுசி தன் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதே வளவில் பின்பக்கமாக ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு ஒதுங்கினோம்.

மனுசி இருக்கும்வரை ஆணுக்கு இது ஒன்றும் உறைக்காது. அவள் போன பிறகுதான், இத்தனை வருடம் யாருடைய வீட்டில் படுத்தெழும்பினோம் என்று விளங்கும். பெண்சாதி செத்தவன் திரும்பித் தாய்வீட்டுக்கு, அதாவது சகோதரியிடம், போய்விடுவான். போகாமல் மருமகன் உழைத்துப் போடுவதை உட்கார்ந்து தின்கிறவனை ஊர் ஒரு பார்வை பார்க்கும். வாய் திறந்து யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் போதும்.

கார் எனக்கு வந்த கதையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அரிசி ஆலை முதலாளிக்கு நான் பதினொரு வருடம் சாரதியாக இருந்தேன். ஜெர்மனியில் செய்த கார். பால்நிறம், நீளமான உடம்பு. ஊர்ச்சனம் அதைக் கப்பல் என்றுதான் சொல்லும். கலவரம் முற்றியபோது முதலாளி குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். "நீதானே இத வளத்த, நீயே வெச்சிக்க" என்று காரின் திறப்பைக் கையில் தந்தார். சும்மா தந்தார் என்று நினைக்கவேண்டாம். என்னிடம் இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டுதான் தந்தார்.

பிறகு அது கலியாணக் கார் ஆனது. களுவாஞ்சிகுடியிலிருந்து தன்னாமுனைவரை எங்கே கலியாணம் என்றாலும் மாப்பிள்ளையை ஏற்ற என்னைத்தான் தேடி வருவார்கள். கார் கிடைக்காவிட்டால் கலியாண நாளையே மாற்றிய வீடுகளும் உண்டு. ஒரு மாப்பிள்ளை வழி முழுக்கத் தேம்பிக்கொண்டு வந்தான். "என்ன தம்பி, கலியாணத்துக்குத்தானே போறாய், கழுவுக்கா போறாய்?" என்று கேட்டேன். "இனி அம்மாட வீட்டில நான் விருந்தாளிதானே அண்ணன்," என்றான். அவனை அதட்டி முகத்தைத் துடைக்க வைத்தேன். பெண்வீட்டுச் சனம் பார்த்தால் என்ன நினைக்கும்?

மனுசிக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக் கூடாது. "இது எனக்குச் சக்களத்தி" என்பாள். "என்ட சீலையவிட கார் துடைக்கிற துணி வெள்ளையா இருக்கு" என்பாள். ஆனாலும் காரைக் காப்பாற்றியதில் அவளுக்குப் பங்குண்டு. சண்டை மும்முரமான நாட்களில் நல்ல வாகனம் வைத்திருந்தவனுக்கு ஆமியும் பயம், இயக்கமும் பயம். நாலு சில்லையும் கழற்றி வெவ்வேறு வீடுகளில் ஒளித்துவிட்டு, காரை மரக்குற்றிகளின் மேல் ஏற்றி வைத்தேன். கேட்டு வந்தவர்களிடம், "இன்ஜின் செத்துப் போச்சு தம்பி" என்பேன். ஓடாத இன்ஜின் உண்மையாகவே செத்துவிடும். அதனால் கிழமைக்கொரு தரம் கால்மணி நேரம் அதை ஓடவிட வேண்டும். அந்தக் கால்மணி நேரமும் மனுசி றேடியோவைக் கூட்டிவைத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று கடப்படியில் நிற்பாள். என்னைத் திட்டிக்கொண்டுதான் நிற்பாள்.

கடல் வந்த அந்த ஞாயிறு காலையிலும் நான் கார் கழுவத்தான் போனேன். எங்கள் வளவுக் கிணற்றில் உவர். அதில் கழுவினால் தகரத்தைத் தின்றுவிடும். வாவிப் பக்கத்தில் என் கூட்டாளி ஒருவரின் தோட்டக் கிணறு நல்ல தண்ணீர். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம் என்பதால் சில்லுகளைப் பூட்டி, ஞாயிறு தவறாமல் அங்கே கொண்டுபோவேன். மனுசி மீன் வாங்கக் கடற்கரைக்கு வெளிக்கிட்டு நின்றாள்.

"என்னையும் அங்கால கொண்டுபோய் விட்டிட்டுப் போங்களன்," என்றாள்.

"மீன்பையோட இதுக்குள்ள ஏறப் போறியோ?" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள். நான் மேற்கே போனேன். சண்டை ஒன்றும் இல்லை. முப்பது வருடமாக நாங்கள் பேசுகிற பேச்சுத்தான் அது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஏலாது.

முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சனம் மேற்குப் பக்கமாக ஓடி வந்தது. "கடல் வந்திட்டு" என்றார்கள். கடல் எப்படி வரும் என்று ஒருவனைப் பிடித்து ஏசினேன். அவன் இடுப்பில் துணி இல்லை. அதைக் கண்ட பிறகுதான் துடைத்த துணியை எறிந்துவிட்டுக் காரை எடுத்தேன். அன்று எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. சேறும் மணலுமாக ஏறினார்கள், ஏற்றினார்கள். உயிரோடு இருந்தவர்களும் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். பின்னேரம் பனை வடலிக்குள் மனுசியைக் கண்டெடுத்தார்கள். பின் சீற்றில் கிடத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நேர்ஸ் பிள்ளை காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, திருப்பிக் கொண்டு போங்க," என்று மெல்லச் சொன்னது. மீன்பையோடு ஏறாதே என்றவன், அவளைச் சேற்றோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பின்வளவில் போட்ட சின்ன வீட்டைக் கடல் வழித்துக்கொண்டு போயிருந்தது. மகளின் வீடு சுவரோடு நின்றது. வேலிக்கரையில் இருந்த கார்க்கொட்டிலும் எப்படியோ நின்றது. நான் அந்தக் கொட்டிலுக்குள் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டேன். ஒருபக்கம் கார், ஒருபக்கம் நான்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனம் கலைந்த பிறகு, குருக்கள்மடத்திலிருந்து வந்திருந்த என் தங்கச்சி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணன், வெளிக்கிடுங்க. அறை கூட்டி வெச்சிருக்கன்."

மகளும் மருமகனும் பக்கத்தில் நின்றார்கள். நான் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் போக விருப்பமில்லை. காலையில் மகள் கோழிக்குத் தீன் போட்டுக் கூப்பிடுகிற சத்தம் அச்சாக மனுசியின் சத்தம். அதைக் கேட்காமல் எழும்பினால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். அதை எப்படிச் சொல்வது? "மகள விட்டிட்டு இருக்க ஏலாது" என்று ஒரு ஆம்பிளை மருமகனுக்கு முன்னால் எந்த வாயால் சொல்வான்? வாய்க்கு வந்தது வேறொன்று.

"கார என்ன செய்ற? உன்ட ஒழுங்கைக்குள்ள இது போகாதே."

"அளந்து பாத்தனீங்களா?"

"அளக்கத் தேவையில்ல. எனக்குத் தெரியும்."

உண்மையில் அது போகாதுதான். தங்கச்சியின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு வண்டில் போனால் இரண்டு பக்கத்து வேலியும் உரசும். ஆனால் தங்கச்சி விடுகிறவளா? அடுத்த மாதம் வந்து, பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போடச் சம்மதித்துவிட்டார் என்றாள். மாரியில் அங்கே சில்லு மண்ணில் தாழும் என்றேன். மாரி முடிய வந்தாள். அங்கே எலித் தொல்லை, வயரைக் கடிக்கும் என்றேன். "காரக் கட்டிக்கொண்டே அழுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அயலட்டம் எல்லாம் அதையே சொல்லத் தொடங்கியது. மனுசி போன பிறகு இந்த மனுசனுக்குக் கார்தான் பெண்சாதி, அதற்காகத்தான் இந்தக் கொட்டிலில் கிடந்து சாகிறான் என்றார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கார் பழையபடி ஆனது. சீற்றுகளைக் கழற்றி வெயிலில் போட்டு, தோலுக்கு எண்ணெய் பூசி, இடுக்கில் கிடந்த மணலை ஊசியால் தோண்டி எடுத்தேன். மூன்று மாதம் அந்த வேலை. ஆனால் கலியாணம் வரவில்லை. பிணம் ஏற்றின காரில் மாப்பிள்ளையை ஏற்றுவார்களா? முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. "இந்த முறை வான் ஒண்டு பிடிச்சிட்டம் அண்ணன்" என்பார்கள். என்னைக் கண்டால் சில வீட்டுக்காரர் கலியாணப் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். நான் ஒருவரோடும் சண்டைக்குப் போகவில்லை. என் மகளின் கலியாணமாக இருந்தால் நானும் வான்தான் பிடித்திருப்பேன்.

மருமகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்லவர். எனக்கு அதுதான் பிரச்சினை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை ஏசி மனதை ஆற்றியிருப்பேன். நான் இருக்கிற இடத்தில் அவர் உட்காரமாட்டார், நான் இருந்த கதிரையில் நான் இல்லாதபோதும் உட்காரமாட்டார். ஐந்து வருடத்தில் நாங்கள் பேசியதை ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "மாமா, சாப்பிட்டாச்சா?" "ஓம் மருமகன்." மகள் காலையும் மாலையும் கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டுவருவாள். கோப்பையை வைத்துவிட்டுச் சற்று நிற்பாள். ஏதாவது சொல்வாள் என்று நான் பார்ப்பேன். நான் சொல்வேன் என்று அவள் பார்த்தாளோ என்னவோ, அன்று எனக்கு அந்த யோசனையே வரவில்லை. மழை பெய்தால் கொட்டில் ஒழுகும். அப்போது காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின் சீற்றில் படுத்துக்கொள்வேன். வீட்டுக்குள்ளிருந்து பேரன் சிரிக்கிற சத்தம் கண்ணாடிக்கு அப்பால் கேட்கும். அந்த நேரங்களில் எனக்கு மிகத் தனிமையாக இருந்தது. இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

மகளுக்கு இரண்டாவது பிள்ளை தங்கியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் இருப்பது இரண்டு அறை. காரை விற்ற காசில் மூன்றாவது அறை ஒன்று போடலாம். அந்த அறையில் நான் இருக்கலாம். என் காசில் எழும்பிய அறையில் இருக்கிறவனை மருமகன் சோறு தின்கிறவன் என்று எவன் சொல்லுவான்? எனக்கே என் புத்தி பெரிதாகத் தெரிந்தது. ஒன்றுதான் குறை. அவள் வாயால் இரு என்று சொல்ல வேண்டும். கூப்பிடாத வீட்டில் நானாக நுழையமாட்டேன்.

ஒருநாள் காலை குசினி வாசலில் நின்று சொன்னேன்.

"மகள், நான் கார விக்கப் போறன்."

அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா அப்பா?"

"யோசிக்காம நான் எதச் சொன்னன்?"

"கார் போனா மறுகா..." என்று தொடங்கினாள். நிறுத்திவிட்டாள். நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு, "சரியப்பா, உங்கட விருப்பம்," என்றாள். தேங்காய்த் துருவல் பாதியில் கிடக்கக் கிணற்றடிக்குப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. சொல்ல வந்ததைச் சொன்னால் என்ன, வாயில் கொழுக்கட்டையா என்று நினைத்தேன்.

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவன் சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்த பொடியன். வந்ததும் வராததுமாக ரயரைக் காலால் உதைத்தான். "தம்பி, பொம்பிளை பாக்கப் போனாலும் இப்பிடித்தான் உதைச்சுப் பாப்பியோ?" என்று கேட்டேன். போய்விட்டான். இரண்டாவதாக வந்தவர் பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல் கட்டுகிறவர். இனி உல்லாசப் பயணிகள் குவிவார்களாம். காரை வாசலில் நிறுத்திவைத்தால் வெள்ளைக்காரன் பக்கத்தில் நின்று படம் எடுப்பானாம். "ஓட்டமாட்டீங்களோ?" என்று கேட்டேன். "ஓட்டி என்னத்துக்கு ஐயா, பாக்கத்தானே வடிவு," என்றார். அவரையும் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவர் பக்கத்து ஊர், காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி. நாற்பது வயதிருக்கும். அவருடைய ஊரும் எங்களுடைய ஊரும் ஒட்டிக்கொண்டிருப்பவை. சண்டைக் காலத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலும் இருந்திருக்கிறோம். அவர் ஒன்றும் பேசாமல் பொனெற்றைத் திறந்து, எண்ணெய்க் கம்பியை உருவி, நுனியில் இருந்த எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் உரசிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார். "பிள்ளைபோலப் பாத்திருக்கீங்க அண்ணன்," என்றார். தொழில் தெரிந்தவன் வாயால் வந்த சொல் அது. அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லோணும். கடல் வந்தண்டைக்கு இந்தப் பின்சீற்றில மையத்து ஏத்தின. என்ட மனுசியையும் இதிலதான் கொண்டு வந்த."

அவர் பின்கதவைத் திறந்து சீற்றைப் பார்த்தார்.

"அண்டைக்கு எங்கட வாப்பாவ ஆரோ ஒரு லொறிக்காரன்தான் கொண்டுவந்து வீட்டடியில இறக்கின. ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. கண்டா கையப் பிடிச்சு ஒரு சொல்லுச் சொல்லணும் எண்டு நானும் தேடித்தான் திரியிறன்," என்றார்.

கையைச் சீற்றின் தோலில் வைத்து ஒருமுறை தடவினார். நான் கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். பேரம் பேச மனமில்லாமல் கொடுத்துவிட்டேன்.

கையெழுத்து வைக்க நகரத்துக்குப் போனோம். போகும்போது நான் ஓட்டினேன். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் திறப்பை அவரிடம் கொடுத்தேன். "வாங்கண்ணன், இதிலயே கொண்டுபோய் வீட்டில இறக்கிறன்," என்றார். வேண்டாம் என்றேன். அவர் திரும்பிப் போவதைப் பார்க்கக் கூடாதென்று, பஸ் தரிப்பிடத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். உண்மையிலேயே இல்லை. நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இரு என்று சொன்னதும் உடனே தலையாட்டக் கூடாது. "பாப்பம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டால், "சரி, நீ சொல்றதால" என்று சொல்ல வேண்டும். அறைக்கு ஜன்னல் கோழிக்கூட்டுப் பக்கம் வைக்கச் சொல்ல வேண்டும்.

கடப்பைத் திறந்தபோது முற்றத்தில் ஒரு ஓட்டோ நின்றது. விறாந்தையில் தங்கச்சி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என் பெட்டி. என் சேட்டுகள் எல்லாம் தோய்த்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கியிருந்தன. என் தலையணைக்குப் புது உறை. மகள் நிறைமாத வயிற்றோடு குசினிக்குள்ளிருந்து வந்தாள். கண்ணிரண்டும் வீங்கியிருந்தன.

"எல்லாம் அடுக்கிட்டனப்பா. மாமிக்கு நேத்தே சொல்லி அனுப்பின. இறால் ஆக்கியிருக்கன், சாப்பிட்டிட்டுப் போங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆர் போகச் சொன்ன?" என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அவள் சொன்னாள்.

"இந்தக் காரால எவ்வளவு கஷ்டப்பட்டீங்க. அஞ்சு வருசம் மழையிலயும் நுளம்பிலயும் அந்தக் கொட்டிலுக்க கிடந்தீங்க. இனி உங்கட வீட்டில நிம்மதியா இருக்கலாம்தானே."

என் பொய்யை ஊரில் எல்லோரையும்விட அவள்தான் முழுதாக நம்பியிருந்தாள். நான் போக ஆசைப்பட்டும் கார்தான் என்னை மறித்து வைத்திருக்கிறது என்று ஐந்து வருடம் நினைத்திருக்கிறாள். இரு என்று சொன்னால் தகப்பனை மருமகன் சோற்றுக்குப் பிடித்து வைக்கிறாள் என்று என் மானம் போய்விடும் என்று வாயை அடக்கியிருக்கிறாள். இதெல்லாம் அன்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியதா என்றால், பாதி விளங்கியது. அந்தப் பாதி போதும், ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தங்கச்சி இருந்தாள். மருமகன் தூணோரம் நின்றார். ஓட்டோக்காரன் வேறு பார்த்துக்கொண்டிருந்தான்.

மடியில் இருந்த காசுப் பொதியை எடுத்து அவளுடைய கையில் வைத்தேன்.

"வீட்டோட ஒரு அறை போடுங்க."

"ஆருக்கப்பா?"

அவள் என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் சும்மா கேட்கவில்லை என்று இப்போது எனக்கு நிச்சயம்.

"பிள்ளையளுக்கு," என்றேன்.

"ம்," என்றாள்.

இறாலை நன்றாகத்தான் ஆக்கியிருந்தாள். ஒரு பிடிகூட இறங்கவில்லை. மருமகன் பெட்டியைத் தூக்கி ஓட்டோவில் வைத்தார். ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஐந்து வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம்.

அறை எழும்பிவிட்டது. சீமெந்துத் தரை, கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலை அங்கே வைக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. பேரனும் பேத்தியும் தாயோடுதான் படுக்கிறார்கள், தனியறை வேண்டாம் என்கிறார்களாம். மகள் மாதத்தில் ஒருநாள் குருக்கள்மடத்துக்கு என்னைப் பார்க்க வருவாள். தயிர்ச் சட்டியும் மீனும் கொண்டுவருவாள். வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்து ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடித்து, போக எழும்புகிற நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வாள். போன கிழமையும் சொன்னாள்.

"அந்த அறை சும்மாதானப்பா கிடக்கு."

"நெல்லு மூட்டைய அடுக்குங்களன்," என்றேன்.

அவள் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நெல்லுக்கு இடம் இருக்கப்பா," என்றாள்.